வாசகர் கேள்வி பதில்: முதலில் அட்டவணை, அப்புறம்தான் தண்டவாளம்

போன இதழில் ஒரு வாசகர், "உலகத்திலேயே எந்த நாட்டு ரயில் நல்ல ரயில்?" என்று கேட்டிருந்தார். "வேகத்துக்கு ஜப்பான், ஆனால் என்னை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சுவிட்சர்லாந்து" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கோபமாகச் சில, ஆசையாகச் சில, பெரம்பூரிலிருந்து வந்த ஒன்று என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்துவிட்டது. அதனால் இந்த இதழில் முழுக்க ரயில்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்திருக்கிறேன்.

கேள்வி: சுவிட்சர்லாந்து நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பணக்கார நாடு, கூட்டமும் கிடையாது. அங்கே ரயில் ஒழுங்காக ஓடுவது ஒரு பெரிய விஷயமா? அதைப் போய் நம்மோடு வைத்துப் பேசலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

அளவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அந்த நாட்டின் பரப்பு 41,285 சதுர கி.மீ., தமிழ்நாடு 1,30,000-க்குக் கொஞ்சம் மேல். ஜனத்தொகை சுமார் 90 லட்சம், செங்கல்பட்டுப் பக்கமும் திருவள்ளூர்ப் பக்கமும் விரிந்து கிடக்கிற நம் பெருநகரத்தில் வசிப்பவர்களை விடக் குறைவு. ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் 5,000 கி.மீ.க்கும் அதிகமாக ரயில் பாதை ஓடுகிறது. தமிழ்நாடு முழுவதற்கும் நம்மிடம் இருப்பது ஏறக்குறைய 4,000 கி.மீ.

கூட்டம் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூரிச் பிரதான நிலையத்தில் மட்டும் ஒரு நாளைக்கு மூவாயிரத்துக்குக் கிட்டே ரயில்கள் வந்து போகின்றன. விரைவு ரயிலும், ஊருக்கு ஊர் நிற்கிற ரயிலும், கூட்ஸும் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தில்தான் போக வேண்டும். ஐரோப்பாவிலேயே ஆளுக்கு இத்தனை கி.மீ. என்று கணக்குப் போட்டால் அதிகம் ரயிலில் போகிறவர்கள் அந்த மக்கள்தான்.

அப்புறம் பணம். இன்றைக்குப் பணக்கார நாடு, சரி. கோட்ஹார்டு மலைக்குள் 15 கி.மீ. சுரங்கத்தை 1872-ல் தோண்ட ஆரம்பித்தபோது அப்படி இல்லை, செலவில் இத்தாலியும் ஜெர்மனியும் பங்கு போட்டன. பத்து வருட வேலை, ஏறக்குறைய 200 தொழிலாளிகள் செத்துப்போனார்கள், பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1875-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒப்பந்தக்காரரான லூயி ஃபாவ்ர் 1879-ல் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டி வந்தவர்கள் நடுவில் சந்தித்தபோது, அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துக்கு முதலில் அனுப்பியது அவருடைய படத்தை வைத்த ஒரு தகர டப்பாவைத்தான் என்று சொல்வார்கள். அந்த நாட்டு ரயிலைப் பணக்காரர்கள் வாங்கிய பொம்மை மாதிரி யாராவது பேசும்போது எனக்கு இந்த டப்பாதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, அவர்களிடம் நிலக்கரி கிடையாது. முதல் உலகப்போரில் வெளியிலிருந்து வரும் நிலக்கரி குறைந்து, ரயில்களை நிறுத்த வேண்டிய நிலை வந்தது. இருப்பது தண்ணீர்தானே என்று மலை ஏரிகளில் ரயில்வேயே சொந்தமாக நீர்மின் நிலையங்கள் கட்டிக்கொண்டது. 1920-களின் ஆரம்பத்திலேயே கோட்ஹார்டு பாதை மின்சாரத்துக்கு மாறிவிட்டது, இன்று ஏறக்குறைய நாடு முழுக்க மின்பாதை. நாமும் அப்போது பின்தங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல்.

கேள்வி: நான் தினமும் ரயில், பிறகு பேருந்து, பிறகு ஷேர் ஆட்டோ என்று மூன்று வண்டி மாறி வேலைக்குப் போகிறேன். மொத்தம் 14 கி.மீ.க்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது, அதில் பாதி காத்திருப்பது. சுவிட்சர்லாந்தில் ரயில் அட்டவணைதான் விசேஷம் என்கிறார்களே, அட்டவணையில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, மடிப்பாக்கம்

உங்கள் கடிதத்தில் "பாதி காத்திருப்பது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாட்டு ரயில்காரர்கள் ஐம்பது வருடமாக உழைத்தது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

1970 வாக்கில் சுவிஸ் ரயில்வேயில் சாமுவேல் ஷ்டேலி என்ற இளம் பொறியாளரும் அவர் நண்பர்கள் சிலரும் வேலை நேரத்துக்குப் பிறகு கூடிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் "கிறுக்கர் சங்கம்". அவர்கள் யோசனை இவ்வளவுதான்: ஒவ்வொரு பாதையிலும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு ரயில், அதுவும் எப்போதும் அதே நிமிடத்தில். காலை 7:02-க்கு ஒரு ரயில் என்றால் 8:02, 9:02, மதியம் 2:02, ராத்திரி 9:02. யாரும் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், அந்த "02" மட்டும் மனசில் நின்றால் போதும். நெதர்லாந்து 1970-லேயே அப்படி ஓட்ட ஆரம்பித்திருந்தது. இவர்கள் 1972-ல் தங்கள் திட்டத்தைக் கொடுத்தார்கள், பத்து வருடம் கழித்து 1982 மே மாதம் நாடு முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது.

அடுத்த படிதான் என்னை அசத்தியது. ஒரு மணிக்கு ஒரு ரயில் என்றால், மாறி ஏற வேண்டியவர் ஒரு ரயிலைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமே? அதற்கு அவர்கள் கண்டுபிடித்தது "முடிச்சு". பெரிய சந்திப்பு நிலையம் ஒவ்வொன்றிலும், மணி முழுசாவதற்குச் சில நிமிடம் முன்னால் எல்லாத் திசையிலிருந்தும் ரயில்கள் வந்து சேர வேண்டும், மணி அடித்த சில நிமிடத்தில் எல்லாத் திசைக்கும் கிளம்ப வேண்டும். நடுவில் இருக்கிற அந்த ஏழெட்டு நிமிடத்தில் யார் வேண்டுமானாலும் எந்த ரயிலிலிருந்தும் எந்த ரயிலுக்கும் மாறலாம். நான் ஒரே ஒரு தடவை, பத்து நாள், உறவினர் வீட்டில் தங்கி அந்த நாட்டைப் பார்த்திருக்கிறேன். சூரிச் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் வேடிக்கை பார்த்தேன். மணி நெருங்க நெருங்க ஒவ்வொரு பிளாட்பாரமாக நிறையும், ஜனங்கள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள், ஓட மாட்டார்கள், அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளம்பி நிலையம் கொஞ்சம் ஓயும், அரை மணியில் மறுபடி நிறையும். கடலோரம் நின்று அலை பார்க்கிற மாதிரி இருந்தது.

இப்போது இதைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்து யோசித்துப் பாருங்கள், ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். தாம்பரத்தை ஒரு முடிச்சு என்று வைத்துக்கொள்வோம், செங்கல்பட்டை இன்னொரு முடிச்சு. இரண்டிலும் மணிக்கும் அரை மணிக்கும் எல்லா வண்டியும் கூட வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவில் ரயில் ஓடுகிற நேரம் அரை மணிக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். 35 நிமிடம் ஆகிறது என்றால் முடிச்சு தவறிவிடும், அங்கே காத்திருக்கும் பேருந்து கிளம்பிப் போயிருக்கும். அதை 27 ஆக்கினால் எல்லாம் பொருந்திவிடும். ஆனால் கோடிக்கணக்கில் செலவு செய்து 27-ஐ 20 ஆக்கினால்? பயணிக்கு ஒரு லாபமும் இல்லை, ஏழு நிமிடம் முன்னால் வந்து அதே பேருந்துக்காக நிற்பார். ஆக, எந்த இடத்தில் எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை அட்டவணை சொல்கிறது. அதற்குப் பிறகுதான் எங்கே புதுத் தண்டவாளம், எங்கே பாலம், எங்கே வளைவை நிமிர்த்துவது என்று முடிவு செய்கிறார்கள். "எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகம் வேண்டாம், எவ்வளவு தேவையோ அவ்வளவு வேகம் போதும்" என்பது அவர்கள் பேச்சு.

இதற்காகவே "ரயில் 2000" என்ற திட்டத்தை 1987 டிசம்பரில் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். நூற்றுக்கு 57 பேர் சரி என்றார்கள். சூரிச்சுக்கும் பெர்னுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகம் ஆகிக்கொண்டிருந்தது, அதுதான் பெரிய இடைஞ்சல். மட்ஷ்டெட்டன், ரோத்ரிஸ்ட் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் 45 கி.மீ. புதுப் பாதை போட்டு அதை 56 நிமிடம் ஆக்கினார்கள். மிச்சம் பிடித்தது பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஆனால் ஒரு மணிக்குள் வந்துவிட்டதால் இரண்டு ஊரிலும் முடிச்சு விழுந்தது. 2004 டிசம்பர் 12, ஒரே இரவில் நாட்டின் பெரும்பாலான ரயில்களின் நேரம் மாறியது. முதல் கட்டத்துக்கு 740 கோடி ஃப்ராங்க் வரை அனுமதி இருந்தது, 590 கோடியில் முடித்துவிட்டார்கள். பெரிய திட்டம் சொன்ன காசுக்குள் முடிவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மலைக் கிராமத்தில் ரயிலை விட்டு இறங்கினால் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து நிலைய வாசலில் நிற்கும். அதன் நேரமும் ரயிலோடு சேர்த்துப் பின்னியதுதான். உங்களுடைய மூன்று வண்டிகளுக்கும் நடுவில் அந்தப் பின்னல்தான் இல்லை. சென்னையில் எல்லாப் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு குழுமம் வேண்டும் என்று 2010-லேயே சட்டம் வந்தது. 2025-ல் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க "சென்னை ஒன்" வந்தது, நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் டிக்கெட் ஒன்றானால் மட்டும் உங்கள் காத்திருப்பு குறையாது. ரயில் வந்து மூன்று நிமிடத்தில் பேருந்து கிளம்புகிற மாதிரி ஒரே ஒரு நிலையத்தில், ஒரே ஒரு தடத்தில் செய்து பார்க்கலாம், அதற்குப் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். நீங்கள் மாறுகிற இடங்களின் நேரத்தை ஒரு வாரம் குறித்து எனக்கு அனுப்புங்கள். உண்மையாகவே கேட்கிறேன், அதை இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

கேள்வி: அங்கே ரயில் அரசாங்கத்துடையதா, தனியாருடையதா? நிறைய கம்பெனிகள் இருப்பதாகப் படித்தேன். தண்டவாளம் யாருக்குச் சொந்தம்? கல்லூரியில் ஒரு விவாதத்துக்குத் தேவைப்படுகிறது.
– மாணவர், அண்ணா நகர்

விவாதத்தில் ஒரே பக்கம் நின்று பேச இந்த நாடு உங்களுக்கு அவ்வளவாக உதவாது தம்பி, இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

ஆரம்பத்தில் எல்லாம் தனியார்தான். முதல் பாதை 1847-ல் சூரிச்சுக்கும் பாடனுக்கும் நடுவே ஓடியது. கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுத் திவாலாகி, ஜனங்கள் வெறுத்துப்போய், 1898-ல் "சுவிஸ் ரயில் சுவிஸ் மக்களுக்கே" என்ற கோஷத்தோடு வாக்கெடுப்பு நடந்து, பெரிய கம்பெனிகளை அரசே வாங்கியது. 1902 ஜனவரி 1-ல் கூட்டாட்சி ரயில்வே பிறந்தது. கோட்ஹார்டு கம்பெனி 1909-ல் வந்து சேர்ந்தது. பெட்டிகளின் பக்கவாட்டில் எஸ்பிபி, சிஎஃப்எஃப், எஃப்எஃப்எஸ் என்று மூன்று சுருக்கெழுத்து இருக்கும், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி மூன்று மொழியிலும் ஒரே ரயில்வேயின் பெயர்தான் அது. 1999-ல் அதைப் பங்கு நிறுவனமாக மாற்றினார்கள், ஆனால் பங்கு முழுவதும் மத்திய அரசிடமே இருக்கிறது.

இது போக ஏராளமான ரயில்வேக்கள் இருக்கின்றன. பெர்ன் பக்கம் பிஎல்எஸ், கிழக்கே மலைப்பகுதியில் மீட்டர் கேஜில் ஓடும் ரேட்டிய ரயில்வே, தென்கிழக்கு ரயில்வே என்று நீளும். "தனியார் ரயில்" என்று அங்கே பேச்சுவழக்கில் சொன்னாலும், பல கம்பெனிகளின் பங்கு மாநில அரசுகளிடமும் மத்திய அரசிடமும்தான் இருக்கிறது. நம் மாவட்டம் அளவுக்கு இருக்கிற மாநிலங்கள் அவை, தங்கள் ஊர் ரயிலை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ரேட்டிய ரயில்வே 2022 அக்டோபரில், நாட்டில் ரயில் வந்து 175 ஆண்டு ஆனதைக் கொண்டாட, 100 பெட்டிகளை ஒன்றாகக் கோத்து ஏறக்குறைய 1.9 கி.மீ. நீளத்துக்கு ஒரு பயணி ரயிலை மலையிறக்கத்தில் ஓட்டி உலக சாதனை செய்தது, ஏழு டிரைவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓட்டினார்கள்.

தண்டவாளம் பற்றிக் கேட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1991-லிருந்து தண்டவாளக் கணக்கும் ரயில் ஓட்டுகிற கணக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது. சுவீடன் அதற்கு முன்பே, 1988-ல் பிரித்தது, பிரிட்டன் 1994-ல் துண்டு துண்டாகவே ஆக்கியது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் உறுப்பு நாடு இல்லை. அங்கே பெரிய கம்பெனிகள் தண்டவாளத்தையும் வைத்துக்கொண்டு ரயிலையும் ஓட்டுகின்றன, கணக்கு மட்டும் தனி. யாருக்கு எந்த நேரத்தில் பாதை என்பதை ஒதுக்குவதற்கு நடுநிலையாகத் தனி அமைப்பு இருக்கிறது. சரக்கு ரயில்களில் போட்டி உண்டு, பாதைக் கட்டணம் கட்டினால் மற்றவர்களும் ஓட்டலாம்.

என்னைக் கேட்டால், யாருக்குச் சொந்தம் என்பதை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ரயில், டிராம், பேருந்து, ஏரியில் ஓடும் படகு எல்லாம் சேர்த்துச் சுமார் 250 நிறுவனங்கள் ஒரே டிக்கெட் ஏற்பாட்டில் இருக்கின்றன. ஓர் ஊரில் டிக்கெட் எடுத்தால் நடுவில் மூன்று கம்பெனி மாறினாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நிலையத்தில் தடுப்புக் கதவும் கிடையாது, நேராக நடந்து போய் ஏறலாம், பரிசோதகர் வரும்போது டிக்கெட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டவணையும் டிக்கெட்டும் எல்லாருக்கும் பொது, போட்டி அதற்குள்ளேதான். விவாதத்தில் இந்தக் கோணத்தை எடுத்துப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: டிக்கெட் விலை ரொம்ப அதிகமாமே?
– வாசகி, திருவொற்றியூர்

ஆமாம், அதிகம். நம் கடற்கரை–தாம்பரம் டிக்கெட்டை நினைத்துக்கொண்டு போனால் மயக்கமே வரும். உள்ளூர்க்காரர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை 200 ஃப்ராங்குக்குள் ஒரு அட்டை வாங்கி வருடம் முழுக்கப் பாதி விலையில் போகிறார்கள், நிறையப் பேரிடம் அது இருக்கிறது. டிக்கெட் காசு மட்டும் போதாது என்பதால் 2014-ல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, தண்டவாளத்துக்கென்றே நிரந்தரமாக ஒரு நிதி வைத்தார்கள். அது 2016-லிருந்து நடக்கிறது. அதற்குப் பணம் வருகிற வழிகளில் ஒன்று லாரி வரி. கனரக லாரிகள் எத்தனை கி.மீ. ஓடுகின்றனவோ, எவ்வளவு எடையோ அதைப் பொறுத்து 2001-லிருந்து வரி கட்டுகின்றன. அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்ததுதான்.

கேள்வி: விபத்தே நடக்காதா? ரயில் லேட்டே ஆகாதா? எல்லாம் தங்கம் மாதிரி எழுதுகிறீர்கள்!
– வாசகர், கொளத்தூர்

நடக்கும், ஆகும். 2005 ஜூன் 22 சாயங்காலம் ரயில்வேயின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, கூட்டாட்சி ரயில்வேயின் எல்லா ரயிலும் நாடு முழுக்க நின்றுபோனது. சுமார் இரண்டு லட்சம் பேர் வழியில் மாட்டிக்கொண்டார்கள். ரயிலுக்கென்றே தனி மின்சாரம், தனி அலைவெண் என்று வைத்திருப்பதால் பக்கத்து ஊர் மின்சாரத்தை உடனே கடன் வாங்க முடியவில்லை.

கோட்ஹார்டு அடிவாரச் சுரங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 57 கி.மீ., உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம், 2016 ஜூன் 1-ல் திறந்தார்கள். கட்டும்போது ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 10-ல் ஒரு கூட்ஸ் வண்டியின் சக்கரம் உடைந்து உள்ளேயே தடம் புரண்டது, உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் பல கி.மீ. தண்டவாளம் நாசம். முழுசாகத் திறக்க 2024 செப்டம்பர் 2 வரை ஆனது. இத்தனை பணம் போட்ட சுரங்கத்தை ஒரு வருடத்துக்கும் மேல் முழுசாகப் பயன்படுத்த முடியவில்லை. அப்போது காப்பாற்றியது எது தெரியுமா? மேலே சொன்ன, 1882-ல் திறந்த அந்தப் பழைய மலைப் பாதைதான். புதுசு வந்துவிட்டதே என்று அதைப் பிடுங்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கூடுதல் ஆனாலும் பயணி ரயில்கள் அதில் சுற்றிப் போயின.

தாமதம் என்று அவர்கள் சொல்வது மூன்று நிமிடத்தை. மூன்று நிமிடத்துக்குள் வந்தால்தான் நேரத்துக்கு வந்த கணக்கு, அந்த அளவுகோலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தேறுகிறது. ஜெர்மனியிலிருந்து ரொம்பத் தாமதமாக வருகிற ரயிலை எல்லை ஊரான பாசெலிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து சொந்த ரயிலை நேரத்துக்கு விடுவார்கள். வந்தவர்களுக்குப் பெட்டி மாற வேண்டிய சிரமம்தான், ஆனாலும் உள்ளே நூறு முடிச்சுகளில் காத்திருப்பவர்களை நினைத்தால் அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: சுவிஸ் ரயில் நிலையக் கடிகாரம் நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று போகுமாமே, உண்மையா?
– ஏழாம் வகுப்பு மாணவி, ஆவடி

உண்மைதான் கண்ணு. அந்த ரயில்வேயில் வேலை பார்த்த ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்பவர் 1944-ல் அதை வடிவமைத்தார். நிலைய அதிகாரி ரயிலை அனுப்பக் காட்டுகிற வட்டத் தகடு மாதிரி சிவப்பு வினாடி முள்ளைப் பிறகு சேர்த்தார். அந்த முள் சுமார் 58 வினாடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு மேலே ஒரு கணம் நிற்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின் தட்டு வந்ததும் நிமிட முள் ஒரு தாவு தாவும், சிவப்பு முள் மறுபடி கிளம்பும். நாட்டில் இருக்கிற அத்தனை நிலையமும் ஒரே நிமிடத்தைக் காட்ட அதுதான் வழி.

கேள்வி: என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவர் இல்லை. "நாங்க சுவிஸ்காரன்கிட்ட தொழில் கத்துக்கிட்டவங்கடா" என்று அடிக்கடி சொல்வார். பிள்ளைகள் நாங்கள் சும்மா சொல்கிறார் என்று நினைத்துச் சிரிப்போம். உங்கள் ஒரு வரியைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது. அப்பா சொன்னது நிஜமா?
– வாசகர், பெரம்பூர்

நிஜம். ஒவ்வொரு எழுத்தும் நிஜம்.

சுதந்திரம் வந்த புதிதில் நம் ரயில் பெட்டிகளில் பெரும்பாலானவை இரும்புச் சட்டத்தின் மேல் மர உடம்பு வைத்தவை. விபத்தில் மரம் சிதறும், ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடும், உள்ளே இருப்பவர்கள் நசுங்கிப்போவார்கள். முழுக்க எஃகில், மோதினாலும் ஒன்றுக்குள் ஒன்று புகாத மாதிரி, அதே சமயம் எடை குறைவாகப் பெட்டி செய்யத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். சூரிச்சை ஒட்டி ஷ்லீரன் என்று ஓர் ஊர். அங்கே ரயில் பெட்டியும் லிஃப்டும் செய்கிற ஒரு தொழிற்சாலை இருந்தது. 1949-ல் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் வரைபடத்தையும் தொழில்நுட்பத்தையும் வைத்துப் பெரம்பூரில் தொழிற்சாலை எழுந்தது. 1955 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், பிரதமர் நேரு வந்து தொடங்கி வைத்தார். முழு எஃகுப் பெட்டி என்றால் எல்லாமே வெல்டிங்தான். தகடு வளையாமல், நெளியாமல் பற்றவைக்கிற கை வேண்டும். உங்கள் அப்பா போன்றவர்கள் கற்றுக்கொண்டது அந்தக் கைவேலையைத்தான்.

அந்தப் பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்குகிற போகியும் ஷ்லீரன் வழியில் வந்ததுதான். சுருள் ஸ்பிரிங்கும், குலுங்கலை அடக்க எண்ணெய் நிரப்பிய உருளையும் வைத்த அமைப்பு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலோ ராமேஸ்வரம் ரயிலிலோ ராத்திரி நாம் தூங்கிக்கொண்டு போனது பல காலம் அதன் மேல்தான். 2018 ஜனவரியில் அந்த வகைப் பெட்டியின் கடைசி வண்டி பெரம்பூரை விட்டுக் கிளம்பியது, அதற்குப் பிறகு ஜெர்மன் வழி எல்எச்பி பெட்டிகள். அதே ஆண்டு அதே தொழிற்சாலையிலிருந்து, இப்போது வந்தே பாரத் என்று நாம் சொல்கிற ரயிலின் முதல் வண்டி வெளியே வந்தது. ஷ்லீரன் தொழிற்சாலை 1980-களிலேயே மூடப்பட்டுவிட்டது. அந்த ஊரில் நின்றுபோன வேலையைப் பெரம்பூர்க்காரர்கள் அதற்கப்புறமும் முப்பது வருடத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கே இந்தக் கடிதத்துக்குப் பதில் தேடி உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

இன்னொரு உறவும் உண்டு, சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் முதன்முதலாகப் பல் தண்டவாளம் வைத்து மலையேறிய ரிகி ரயிலை 1871-ல் போட்ட நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற சுவிஸ்காரர், 1880-களில் நீலகிரிக்கே வந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். கடைசியில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே போட்டது ரோமன் ஆப்ட் என்ற இன்னொரு சுவிஸ் பொறியாளரின் பல் அமைப்பு. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற அந்தப் பாதையில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போன நீராவி என்ஜின்கள் வின்டர்தூர் ஊரில் செய்து, 1914-லிருந்து 1952 வரை தவணை தவணையாகக் கப்பலேறி வந்தவை. அவை தேய்ந்த பிறகு அதே மாதிரி புது என்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே செய்தார்கள்.

வில்லிவாக்கம் பக்கம், நியூ ஆவடி சாலையில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, உங்களுக்கு ரொம்பப் பக்கம்தான். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய்ப் பழைய பெட்டிகளின் அடியைக் காட்டுங்கள். பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அப்பாவின் வேலைக்காலத்துப் போட்டோ ஏதாவது இருந்தால் ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா? தொழிற்சாலைக்குள் நின்று எடுத்தது இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த இதழில் இந்தப் பக்கத்தின் மேலேயே போடுகிறேன்.